வகுப்பறைக்குள் நுழையும் முன்: பயிற்சி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயிற்சிப் பள்ளி ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியான அன்று மாலையே கல்லூரியில் பேச்சு மாறிவிடும். யாருக்கு எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, அங்கே தலைமையாசிரியர் எப்படி, பசங்க எப்படி. போன வாரம் வரை ரெக்கார்ட் நோட்டைப் பற்றி மட்டுமே புலம்பிக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது தூக்கம் வரவில்லை என்பார்கள். நடுவில் பண்டிகை விடுமுறையும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வீடே கொண்டாட்டத்தில் இருக்க, உங்கள் மனசு மட்டும் ஏதோ ஒரு கரும்பலகை முன்னால் கையில் சாக்பீஸுடன் நின்றுகொண்டிருக்கும்.

பட்டியல் வெளியான நாளில் தொடங்கி முதல் பாடம் முடியும் வரை என்னென்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். படபடப்பை விரட்டப் பார்ப்பது வீண்வேலை என்பது என் கட்சி. அதைச் செய்து முடிக்கக்கூடிய சின்ன வேலைகளாக உடைத்துவிட வேண்டும். "பசங்க அடங்கலேன்னா என்ன பண்றது?" என்ற பயத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "உள்ளே போனதும் நான் சொல்லும் முதல் இரண்டு வாக்கியம் என்ன?" என்ற கேள்விக்கு இன்றைக்கே விடை எழுதலாம்.

படி 1: பயத்தைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் உங்களைப் பற்றிய பயங்கள்: குரல் நடுங்குமா, சிரிப்பார்களா, வழிகாட்டி ஆசிரியர் என்ன நினைப்பார். இரண்டாவதில் வேலையைப் பற்றியவை: நேரம் போதுமா, பாடம் பாதியிலேயே தீர்ந்துவிட்டால் என்ன செய்வது, கருவிகள் கிடைக்குமா. மூன்றாவதில் மாணவர்களைப் பற்றியவை: புரியுமா, பின்தங்கியவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது.

பெரும்பாலானவர்களுக்கு முதல் பத்தி நிரம்பி வழியும், மூன்றாவது ஏறக்குறைய காலியாக இருக்கும். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஆசிரியர்களின் கவலைகளை ஆராய்ந்த பிரான்சஸ் ஃபுல்லர் 1969-லேயே இதைக் கவனித்திருக்கிறார். புதிதாக வருபவர்களின் கவலை தங்களைச் சுற்றியே இருக்கிறது, அனுபவம் கூடக்கூட அது மாணவர்களின் கற்றலை நோக்கி நகர்கிறது என்பது அவர் கண்டது. ஆகவே உங்கள் முதல் பத்தி நீளமாக இருப்பது சுயநலமும் இல்லை, நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பதற்கு அடையாளமும் இல்லை.

இனி இரண்டாவது பத்தியில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு செயலும் ஒரு நாளும் எழுதுங்கள். முதல் பத்தியை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். இரண்டாவது பத்தி கரைந்தால் முதலாவதும் பாதி கரைந்துவிடும்.

படி 2: போய்ப் பாருங்கள், ஆனால் வேறு கண்ணோடு

பள்ளிக்கு முன்கூட்டியே ஒரு முறை போய்வர அனுமதி கிடைத்தால் தயங்காமல் போங்கள். எவ்வளவு நேரப் பயணம், வருகைப் பதிவேடு எந்த அறையில், கழிப்பறை எங்கே, மணி எப்போது அடிக்கும், ஒரு பாடவேளை எத்தனை நிமிடம், பலகை கரும்பலகையா வெண்பலகையா என்பதெல்லாம் தெரிந்துகொண்டால் முதல் நாள் தலையில் பாதி இடம் காலியாக இருக்கும்.

வகுப்பைக் கவனிக்கும் வாய்ப்பும் கிடைத்தால் அதை வீணாக்காதீர்கள். நமக்குத்தான் வகுப்பறை தெரியுமே என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு. டேன் லோர்டீ என்ற சமூகவியலாளர் 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார்: பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இதில் சிக்கல் என்னவென்றால், அத்தனை நேரமும் நாம் பார்த்தது பெஞ்சிலிருந்து. ஆசிரியர் சிரித்தது தெரியும், திட்டியது தெரியும். எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று அவர் எப்படி முடிவெடுத்தார் என்பது தெரியாது. அதனால்தான் புதிதாகப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரின் தோரணையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்கிறார்கள்.

கவனிக்கும்போது பாடத்தை மறந்துவிடுங்கள். ஆசிரியர் எங்கே நிற்கிறார், பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டுகிறாரா பக்கவாட்டில் திரும்புகிறாரா, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது என்ன சொல்கிறார் என்று பாருங்கள். ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர் ஒழுங்காக நடக்கும் வகுப்புகளையும் சிதறிப்போகும் வகுப்புகளையும் வீடியோ எடுத்து ஒப்பிட்டு 1970-இல் வெளியிட்ட முடிவு இன்றைக்கும் உதவும். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் இரண்டு வகை வகுப்புகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அறையில் எங்கே என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும் என்று மாணவர்கள் உணர்வதிலும், பாடம் தடைபடாமல் ஓடுவதிலும்தான் வேறுபாடு இருந்தது. ஆக, கண்டிப்பான முகத்தைக் கண்ணாடி முன்னால் பழகிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

படி 3: முதல் பாடத்தை எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கல்லூரி கொடுத்த பாடத்திட்டப் படிவம் இருக்கும். நோக்கம், முன்னறிவு, ஊக்குவித்தல், வளர்ச்சி, மதிப்பீடு என்று கட்டங்கள். அதை நிரப்பித்தான் ஆக வேண்டும், நிரப்புங்கள். ஆனால் வகுப்பில் கைகொடுப்பது நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளும் ஒரே ஒரு பக்கம்தான். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: பாடம் முடியும்போது மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும், எங்கே தடுக்கி விழுவார்கள், அங்கே நான் என்ன செய்வேன்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உங்கள் முதல் பாடம் பின்னங்களை ஒப்பிடுதல் என்று வைத்துக்கொள்வோம். "பின்னங்களைப் புரிந்துகொள்வர்" என்று நோக்கம் எழுதினால் அது நடந்ததா இல்லையா என்று கடைசியில் யாராலும் சொல்ல முடியாது. "1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று சொல்லி, ஏன் என்பதைப் படம் வரைந்து காட்டுவர்" என்று எழுதுங்கள். அடுத்து, எங்கே தடுக்கும்? 3-ஐ விட 4 பெரியது, ஆகவே 1/4 பெரியது என்று பலர் சொல்வார்கள். இது கவனக்குறைவால் வருவது இல்லை. முழு எண்களில் இத்தனை நாள் சரியாக வேலை செய்த விதியை அப்படியே இங்கேயும் கொண்டுவருகிறார்கள். அதனால் அந்தத் தவறான விடை வரட்டும் என்று காத்திருந்து, வந்ததும் "சரி, அப்படியா? பார்த்துடலாம்" என்று ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை எடுக்கலாம். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை மட்டும் வண்ணம் தீட்டி ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஒன்றுமே சொல்லத் தேவையில்லை.

இதை வீட்டில் ஒரு முறை செய்து பார்க்காமல் போகாதீர்கள். நான்காக மடிப்பது எளிது: பாதி, பாதியில் பாதி. மூன்று சம பாகமாக மடிப்பது பெரியவர்களுக்கே சட்டென்று வராது. வகுப்பில் அதை விட்டுவிட்டால் பத்து நிமிடம் மடிப்பதிலேயே போய்விடும், பட்டையைக் கசக்கியவர்கள் புதிது கேட்பார்கள், பாடம் கைவேலை வகுப்பாக மாறிவிடும். முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்ட பட்டைகளை எடுத்துக்கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லை. இப்படி ஒரு பாடத்தின் எந்த இடத்தில் நேரம் ஒழுகும் என்று தெரிவது கையால் செய்து பார்த்தால் மட்டும்தான்.

நேரக் கணக்கு: பாடவேளை 40 நிமிடம் என்றால் 30 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். உட்கார, வருகை எடுக்க, நோட்டு எடுக்க என்று மிச்சம் தானாகப் போய்விடும். அப்படியும் சீக்கிரம் முடிந்துவிட்டால் கைவசம் ஒரு கேள்வி இருக்கட்டும். மேலே சொன்ன பாடத்துக்கு "2/3 பெரியதா, 3/4 பெரியதா?" என்ற ஒரு கேள்வி பத்து நிமிடத்தைச் சாப்பிட்டுவிடும். நேரம் போதாமல் போனால் எதை விடுவது என்பதையும் முன்பே குறித்துவையுங்கள். நடுவில் நின்று யோசித்தால் எப்போதும் மதிப்பீட்டைத்தான் விட்டுவிடுவோம், அதுதான் விடக்கூடாதது.

பலகையையும் தாளில் வரைந்து பாருங்கள். இடது ஓரம் தலைப்பும் புதுச் சொற்களும், நடுவில் விளக்கம், வலது ஓரம் மாணவர் செய்ய வேண்டிய வேலை. இடது ஓரத்தைக் கடைசி வரை அழிக்காதீர்கள்.

படி 4: சத்தமாக ஒத்திகை பாருங்கள்

மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மனசுக்குள் நாம் எல்லாருமே பிரமாதமான ஆசிரியர்கள்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று கல்லூரியில் செய்திருப்பீர்கள். 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய முறை அது. சில பேர் முன்னால், சில நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், உடனே கருத்து, உடனே திருத்தி மறுபடி நடத்துவது. மதிப்பெண்ணுக்காகச் செய்யும்போது கடைசிப் பகுதியான மறுபடி நடத்துவது பெரும்பாலும் பெயருக்குத்தான் நடக்கும். உண்மையில் பலன் இருப்பது அங்கேதான். இரண்டு தோழர்களைப் பிடித்து உட்கார வைத்து முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் நடத்துங்கள், கேளுங்கள், மறுபடி நடத்துங்கள். அவர்களில் ஒருவர் வேண்டுமென்றே தவறான விடை சொல்லட்டும். குறும்பு செய்யச் சொல்லாதீர்கள், ஆளுக்காள் நடிகர்களாகி நேரம் போய்விடும்.

ஒத்திகையில் இரண்டு விஷயத்தைத் தனியாகக் கவனியுங்கள்.

ஒன்று, கேள்வி கேட்ட பிறகு வரும் மௌனம். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970-களில் சொன்னது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் ஆக்கினால் விடைகள் நீளமாகின்றன, தாமாகப் பேச வருபவர்கள் கூடுகிறார்கள், "தெரியாது" என்பது குறைகிறது. படபடப்பில் இருப்பவருக்கு மூன்று விநாடி மௌனம் ஒரு யுகமாகத் தெரியும். மனசுக்குள் எண்ணுங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்து கேளுங்கள். காத்திருந்ததாக நீங்கள் நினைத்த இடத்தில் உண்மையில் காத்திருந்தீர்களா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, குரல். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது குரல் சிக்கலைச் சந்தித்த ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்றவர்கள் 28.8 சதவீதம். முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் சத்தத்துக்கு மேல் சத்தம் போடுகிறவர்கள்தான். பேசுவதற்கு முன் ஒரு தெளிவான சைகையை வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்துவது, மேசையை இரண்டு முறை தட்டுவது, எதுவானாலும் சரி. அமைதியான பிறகு பேசுங்கள். தண்ணீர் பாட்டில் பையில் இருக்கட்டும்.

படி 5: அன்றாடத்தைச் சரிசெய்யுங்கள்

பயிற்சி ஆசிரியரின் நாள் பாதி மாணவர், பாதி ஆசிரியர். பகலில் வகுப்பு, மாலையில் ரெக்கார்ட், இரவில் சார்ட். சார்ட்டுக்கு ஸ்கெட்ச் பேனாவில் எல்லை போட்டுக்கொண்டே இரவு ஒரு மணி ஆக்குகிறவர்கள் ஒவ்வொரு விடுதியிலும் உண்டு. அழகான எல்லையால் யாருக்கும் பின்னம் புரிந்ததில்லை. கடைசி பெஞ்சிலிருந்து படிக்க முடிகிறதா என்பது மட்டும் கேள்வி. முடிகிறது என்றால் பேனாவை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

எழுந்திருக்கும் நேரத்தைப் பள்ளி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். முதல் நாளில் தூக்கத்தோடும் போராட வேண்டாம். உடையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: பள்ளி விதிக்கு உட்பட்டதாக, நாள் முழுக்க நிற்கத் தோதாக, பலகையில் கையை உயர்த்தி எழுதினால் சங்கடம் தராததாக இருந்தால் சரி. செருப்பும் ஷூவும் புதிதாக வேண்டாம்.

படி 6: பண்டிகையைப் பண்டிகையாக விடுங்கள்

விடுமுறைக்குப் பிறகு பள்ளி என்றால் இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்வார்கள். சிலர் எல்லாவற்றையும் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுபோய், திறக்காமலே திரும்பக் கொண்டுவருவார்கள். சிலர் கொண்டாட்டத்தின் நடுவிலும் ஒரு மூலையில் நோட்டை விரித்துவைத்து, இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் இருப்பார்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் மிச்சமிருக்கும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த நாள், எந்த நேரம் என்று போட்டுவிடுங்கள். முடிக்காத வேலை மனசில் வந்து வந்து தொந்தரவு செய்வது, அதை முடித்தால்தான் நிற்கும் என்றில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே குறைகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். பண்டிகை நாளன்று திட்டத்தில் ஒன்றுமே இருக்கக்கூடாது. மறுநாள் காலை ஒரு மணி நேரம், அதற்கு மறுநாள் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

உறவினர் கூடும் இடத்தில் கேள்விகள் வரும். "இந்தக் காலத்துப் பசங்க உன் பேச்சைக் கேப்பாங்களா?" என்று சித்தப்பா சிரிப்பார். "உனக்கே இன்னும் ஸ்கூல் பொண்ணு மாதிரிதான் இருக்கு முகம்" என்பார் அத்தை. அவர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் ராத்திரி படுத்தால் அதுதான் காதில் ஒலிக்கும். முன்கூட்டியே ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "அதைத்தான் கத்துக்கப் போறேன் சித்தப்பா." வாதமாக நீட்டாதீர்கள்.

அதே கூட்டத்தில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. வீடு நிறையக் குழந்தைகள். ஒரு பத்து வயதுப் பையனைக் கூப்பிட்டு, "1/3 பெரிசா, 1/4 பெரிசா?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் காரணம் எந்தப் பாடநூலிலும் இருக்காது. பாடம் எடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள், பாவம், அவனுக்கும் லீவுதான்.

படி 7: முதல் நாள் இரவும் அன்று காலையும்

பையை இரவே கட்டுங்கள்: பாடத்திட்டம், அந்த ஒற்றைப் பக்கம், சாக்பீஸ் அல்லது மார்க்கர், கடிகாரம், பாடநூல், மாணவருக்குத் தர வேண்டிய பட்டைகள் எண்ணிக்கைக்கு மேல் சில. பிறகு ஐந்து நிமிடம் நாளை செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள்.

காலையில் இதயம் படபடக்கும். "அமைதியாக இரு" என்று உங்களுக்கே கட்டளையிடாதீர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், மேடைப் பேச்சுக்கு முன் தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு காட்டும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை அடக்குவதைவிடப் பெயரை மாற்றிவிடுவது சுலபம்.

கை நடுங்குவது எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு மருந்து உண்டு. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரின் குழுவினர் 2000-இல் வெளியிட்ட சோதனையில், சங்கடம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள், பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்.

படி 8: முதல் பத்து நிமிடம்

மாணவர்களுக்கு முன்பே வகுப்பில் இருக்க முடிந்தால் இருங்கள். பலகையில் தேதியும், வந்ததும் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையும் எழுதிவைத்திருங்கள். உங்கள் பேரைச் சொல்லுங்கள், ஏன் வந்திருக்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். "எனக்கு இது முதல் வகுப்பு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று தொடங்க வேண்டாம். "நான் ரொம்பக் கண்டிப்பு" என்றும் வேண்டாம். இரண்டுமே மாணவர்களின் கவனத்தைப் பாடத்திலிருந்து எடுத்து உங்கள் மேல் போட்டுவிடும்.

பெயர்களைத் தெரிந்துகொள்ள உட்காரும் வரைபடம் ஒன்றை வழிகாட்டி ஆசிரியரிடம் முன்பே கேட்டு வாங்குங்கள். ஒரு கட்டளைக்கு ஒரு வேலை மட்டும்: "நோட்டை எடுங்க." எடுத்து முடியட்டும். "தலைப்பை எழுதுங்க." எழுதட்டும். "நோட்டை எடுத்துத் தலைப்பு எழுதி மூணு கோடு போட்டுப் பக்கத்துல இருக்கிறவங்களோட பேசுங்க" என்றால் நாற்பது பேரும் நாற்பது விதமாகச் செய்வார்கள், அதைப் பார்த்து நீங்கள் அடங்காத வகுப்பு என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

தெரியாத கேள்வியை யாராவது கேட்டால், "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, பலகை ஓரத்தில் அவர்கள் கண்முன்னே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கட்டாயம் சொல்லுங்கள், அவர்கள் மறந்திருந்தாலும்.

பாடம் முடிந்த பிறகு

வழிகாட்டி ஆசிரியரிடம் "எப்படி இருந்துச்சு மேடம்?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சும்மா" என்றுதான் வரும். குறுகலாகக் கேளுங்கள்: "பட்டையை மடிக்கச் சொன்னப்போ வலது பக்க வரிசைக்குப் புரிஞ்சுதா சார்?" "நான் யார்கிட்ட கேள்வியே கேக்கலை?" இதற்கு உருப்படியான பதில் வரும், அவரும் அடுத்த பாடத்தை இன்னும் கூர்ந்து கவனிப்பார்.

மதிப்பீட்டுக்காக மாணவர்கள் கடைசியாக எழுதிக்கொடுத்த தாள்களை அன்று மாலையே மூன்று குவியலாகப் பிரியுங்கள்: புரிந்தவர்கள், பாதி புரிந்தவர்கள், புரியாதவர்கள். மூன்றாவது குவியலில் இருக்கும் பெயர்களை, முதல் படியில் காலியாகக் கிடந்த அந்த மூன்றாவது பத்தியில் எழுதுங்கள். நாளைய பாடத்தின் முதல் கேள்வி அவர்களில் ஒருவருக்கு.